பொறுத்தவரும் பதறியவரும்: விருதுநகர் மண்டியும் சிவகாசி மருந்து அறையும்

விருதுநகரில் பஸ் ஏறினால் ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டிச் சிவகாசி வந்துவிடும். முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே வறட்சி. வற்றாத ஆறு எதுவும் பக்கத்தில் ஓடவில்லை. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துச் சலித்தவர்கள் ஓர் ஊரில் வியாபாரத்துக்குப் போனார்கள். இன்னோர் ஊரில் தீக்குச்சிக்குப் போனார்கள். முன்னே நின்று இரண்டையும் வளர்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்து வணிகர்கள்தாம். விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள்.

இவ்வளவு ஒற்றுமை இருப்பதால்தான் ஒரு வேற்றுமை பளிச்சென்று தெரிகிறது. ஒருவர் கைவேலையை நிறுத்திவிட்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே சுற்றி நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விருதுநகர் மண்டியில் அந்த நேரம் வரவு. சிவகாசிப் பட்டாசு ஆலையில் அதே நேரம் செலவு.

‘ஓடிக்கொண்டே இருக்காதீர்கள், கொஞ்சம் உட்காருங்கள், சுற்றிலும் பாருங்கள்’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மருத்துவர் சொல்கிறார், வார இதழ் சொல்கிறது, காலையில் செல்போனில் வரும் வாழ்த்துப் படமும் சொல்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால், அதைச் சொல்பவர்கள் பொறுமையை ஒரு குணமாகவே பேசுகிறார்கள். சிலருக்கு அது வாய்த்திருக்கிறது, சிலர் பழகிக்கொள்ள வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மண்டியையும் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அதற்காகவே இந்த ஒப்பீடு. நான்கு கேள்விகளை இரண்டு இடத்திலும் கேட்கலாம். அங்கே இருப்பவர் எதற்காக உட்கார்கிறார்? அவர் கண் எங்கே போகிறது? அந்த நேரத்துக்குக் காசு யார் கொடுக்கிறார்கள்? பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

மண்டி: இருந்தபடியே சம்பாதிப்பது

1923 வரை விருதுப்பட்டி என்றிருந்த ஊர் இது. கரிசல் பருத்தியும் மிளகாய் வத்தலும் பயறும் வண்டி கட்டி வந்து இறங்கிய இடம். இங்கே விளைவதைவிட இங்கே விலை பேசப்படுவது அதிகம். ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பத்திரிகைகளில் தனியாகக் கட்டம் கட்டிப் போடும் அளவுக்கு அந்த விலைக்கு மரியாதை. உளுந்து, துவரை, பாசிப்பயறு, வத்தல், மல்லி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று வரிசையாக வரும். பர்மா உளுந்துக்குத் தனி வரி இருக்கும்.

அந்த விலை எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு வத்தல் மண்டியில் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் கமறும். புதிதாக வந்தவர் இருமியே தீர வேண்டும். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் இருப்பார். தரகர் ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொல்வார். முதலாளி எழுந்து வந்து மேலாக இருக்கும் வத்தலைத் தொடவே மாட்டார். மேலே வைப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? முழங்கை வரை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். காம்பைப் பார்ப்பார். நிறத்தை வாசல் வெளிச்சத்தில் பார்ப்பார். ஒரு வத்தலைக் காதருகே வைத்து ஆட்டுவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே விதை குலுங்கும். பிறகு வளைத்துப் பார்ப்பார். ஒடிந்தால் சரி, வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, குடோனில் கிடக்கும்போது எடை குறையும், பூஞ்சை பிடிக்கும். எல்லாம் ஒரு நிமிடத்து வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான வியாபாரம் தொடங்கும். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்.

“என்ன அண்ணாச்சி, முடிச்சிரலாமா?”

“இருக்கட்டும். பாப்போம்.”

இந்தப் ‘பாப்போம்’ சோம்பலில் வருவதில்லை. கமுதிப் பக்கத்திலிருந்து இன்று எத்தனை வண்டி வந்திருக்கிறது, குண்டூரில் நேற்று வரத்து எப்படி, எதிர்க்கடைக்காரர் ஏன் காலையிலிருந்து எதுவும் வாங்காமல் இருக்கிறார், வெளியே நிற்கும் லாரி எந்த ஊர்ப் பதிவு எண் என்று அத்தனையும் அவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்கச் சரக்கின் மதிப்பு அவருக்குத் தெளிவாகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை இந்த ஊர் வியாபாரத்துக்கான விதியாகவே வைத்திருக்கிறது.

இந்தப் பழக்கம் கடையோடு நின்றுவிடவில்லை. 1903 ஜூலை 15இல் இதே ஊரில் பிறந்த காமராசர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார வைக்கப்பட்டார். அவர் அரசியலைக் கற்றது அங்கேயிருந்துதான். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பதும், பொதுக்கூட்டம் என்றால் கடையை விட்டு நழுவிப் போவதுமாக இருந்தவரைத் திருத்துவதற்காகத் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போய் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். முதலமைச்சரான பிறகு சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார் என்றும், ‘பள்ளிக்கூடம் போனால் சோறு யார் போடுவார்?’ என்ற கேள்வி அங்கேதான் அவரைத் தைத்தது என்றும் இன்றும் சொல்வார்கள். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ரயிலுக்காகக் காத்திருந்த சில நிமிடங்களில் அவர் கோப்பு புரட்டவில்லை, வெளியே பார்த்தார் என்பதே அந்தக் கதையின் சாரம். கடையில் கற்ற பாடம் கேட்டில் கைகொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே 1956இல் விருதுநகர் இன்னோர் உட்காருதலையும் கண்டது. சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளோடு சங்கரலிங்கனார் ஜூலை 27இல் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டரை மாதம் நீடித்தது. அக்டோபர் 13இல் உயிர் பிரிந்தது. தேசபந்து மைதானத்தில் கிடந்த அந்த முதியவரை ஊர் முழுக்க வந்து பார்த்தது. அரசு இணங்கவில்லை, அப்போது முதலமைச்சராக இருந்தவர் இதே ஊர்க்காரர். ரயில்வே கேட்டில் நின்று பார்த்தவருக்குச் சொந்த ஊர் மைதானத்தின் பக்கம் கண் திரும்பவில்லையே என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. பெயர் மாற 1969 ஜனவரி 14 வரை ஆயிற்று. உட்கார்ந்திருப்பது ஒரு செயல் என்பதில் இந்த ஊருக்குச் சந்தேகம் இல்லை. அதைக் கொண்டு சம்பாதிக்கலாம், ஆட்சி நடத்தலாம், உயிரையும் கொடுக்கலாம்.

மருந்து அறை: உட்கார்ந்தும் ஓடுவது

சிவகாசியின் தொழிலும் பார்த்துக் கற்றதில் பிறந்ததுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், எட்டு மாதம் தங்கி, தீப்பெட்டி செய்வதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தெரியாத ஊர், தெரியாத பாஷை. கண்ணைத்தான் நம்பியிருக்க வேண்டும். 1923இல் ஊரில் தொழில் தொடங்கியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, இரண்டுக்கும் லேபிள் ஒட்ட அச்சகம் என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வளர்ந்தது. இன்றைக்கு இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. ஆனால், நிறுவியவர்கள் பொறுமையாகப் பார்த்துக் கற்றதைக் கூலிக்கு வருபவர்களின் வேலை முறைக்குள் யாரும் எழுதி வைக்கவில்லை.

உட்காருவதைக் கணக்கெடுத்தால் மண்டியைவிடச் சிவகாசிதான் ஒரு படி மேலே. இங்கே எல்லோரும் நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கும் பெண்ணைக் கவனியுங்கள். (ஆலையை ஆபீஸ் என்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம், பட்டாசு ஆலையென்றால் பயராபீஸ்.) மடிக்கு முன்னால் ஒரு சட்டம். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மெல்லிய கட்டைகள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குச்சி. ஒரு கட்டை நிறைந்ததும் அதன்மேல் அடுத்த கட்டை, அது நிறைந்ததும் அதற்கும் மேலே இன்னொன்று. சட்டம் நிறைந்ததும் இறுக்கி, குச்சிகளின் தலையை மருந்தில் தோய்க்க எடுத்துப் போவார்கள். அவள் விரல் குவியலில் அள்ளி விடும் வேகத்தில் குச்சிகள் தாமாகப் போய்ப் பள்ளத்தில் படுப்பதாகத் தோன்றும். கண் சட்டத்தை விட்டு நகராது. பக்கத்தில் இருப்பவளோடு பேச்சு நடக்கும். ஆனால், முகம் பார்த்துப் பேசுவதில்லை. சட்டத்தைப் பார்த்தே பேச்சு, சட்டத்தைப் பார்த்தே சிரிப்பு. யாராவது வாசலை எட்டிப் பார்த்தால், “கைய ஓட்டுக்கா” என்று அதட்ட மேஸ்திரி வர வேண்டியதில்லை. எண்ணிக்கையே அதட்டும். நிரப்பிய சட்டத்துக்குக் கூலி. நிரப்பாத நிமிடத்துக்கு ஒன்றுமில்லை.

தீப்பெட்டியில் இதனால் கழுத்தும் கண்ணும் நோகும். பட்டாசில் இதே வழக்கம் உயிரைக் கேட்கிறது.

மருந்து செலுத்தும் அறை சின்னது. நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. எந்தப் பக்கமும் ஓடுவதற்குக் கதவுகள். அடுத்த அறைக்கு நடுவில் இடைவெளி. உள்ளே இருப்பது வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள். இந்தத் தூளுக்கு உரசல் ஆகாது, அடி ஆகாது, ஈரமும் ஆகாது. அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். அதனால்தான் நேற்று மிஞ்சிய மருந்தை இன்றைக்கு வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறார்கள். கலவையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். பருத்தி உடை உடுத்த வேண்டும். இடி இடித்தால் வேலையைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

இந்த விதிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்து, பார், பிறகு தொடு என்றுதான் சொல்கிறது. மருந்தின் நிறம் மாறியிருக்கிறதா, கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதா, பக்கத்தில் இருப்பவர் அவசரப்பட்டு இடிக்கிறாரா, மேற்கே மேகம் கறுக்கிறதா என்று பார்த்தபடியே இருக்க வேண்டிய வேலை. வத்தல் மண்டிக்காரருக்கு இருக்கும் கூர்மையைவிட இங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அதிகக் கூர்மை வேண்டும். மண்டியில் தவறினால் ஒரு மூட்டையில் நஷ்டம் வரும். இங்கே தவறினால் ஆளே இருக்க மாட்டார். பதறிய காரியம் சிதறும் என்ற பழமொழி வேறெங்கும் உவமை. இங்கே அப்படியே நடப்பது.

ஆனால், கூலி அந்தப் பார்வைக்குக் கிடைப்பதில்லை. இத்தனை குழாயில் மருந்து செலுத்தினால் இவ்வளவு, இத்தனை சரம் பின்னினால் இவ்வளவு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவந்தது. எண்ணிக்கைக் கூலி வாங்குகிறவருக்கு அந்த அரை மணி நேரம் தன் சொந்தக் காசில் வாங்கும் ஓய்வு. இடி இடித்தால் வெளியேறுவதும் அப்படித்தான். மேகத்தைக் கண்டு எழுந்தவருக்கு அன்றைய கூலியில் துண்டு விழுகிறது. துணிந்து உட்கார்ந்தவருக்கு முழுசாக வருகிறது. பல நாள் எதுவும் நடப்பதில்லை. அதனால் துணிச்சலே வழக்கமாகிவிடுகிறது.

விபத்து நடந்த பிறகு வரும் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குக் காரணங்கள் மனப்பாடம். அறையில் கூடுதல் ஆட்கள். அளவுக்கு மேல் மருந்து. மரத்தடியில் வைத்து வேலை. உள்குத்தகை. தீபாவளி நெருங்க நெருங்க இவை எல்லாம் கூடும். 2018இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. தடைகள் எப்போது வருமோ என்ற பயத்தில் ஆர்டர் தள்ளிப்போனால், தள்ளிப்போன நாட்களைக் கடைசியில் ஈடுகட்டப்போவதும் இதே கைகள்தாம். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

முதலிப்பட்டியில் நடந்ததை இந்த ஒப்பீட்டுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் இல்லை. முதல் தீயைக் கண்டு, யாரையாவது காப்பாற்றலாம் என்றும் என்னவென்று பார்க்கலாம் என்றும் ஓடி வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு பெரிய வெடிப்பு நடந்தது. நின்று பார்ப்பது எல்லா இடத்திலும் நல்லது என்று சொல்வதற்கு இல்லை. எங்கே நின்று பார்க்கலாம் என்று தெரிந்திருப்பதும் பார்வையில் ஒரு பாதி. அதை ஊருக்குச் சொல்லித்தரும் பொறுப்பு ஓடி வந்தவர்கள் மேல் விழக்கூடாது.

எதிரெதிரே வைத்தால்

முதல் கேள்விக்கு வருவோம். மண்டியில் உட்காருவது முடிவெடுப்பதற்காக. மருந்து அறையில் உட்காருவது செய்து முடிப்பதற்காக. இரண்டாவது கேள்வி கண்ணைப் பற்றியது. மண்டிக்காரர் கண் வாசல், தெரு, வானம் என்று விரிந்துகொண்டே போகிறது. கட்டை அடுக்குபவளின் கண் ஒரு முழ அகலச் சட்டத்துக்குள் சுருங்குகிறது. மூன்றாவது, நேரத்துக்கான காசு. மண்டிக்காரரின் காத்திருப்புக்குச் சரக்கின் விலை ஏறுவதன் மூலம் காசு வருகிறது. பட்டாசுத் தொழிலாளி தன் காத்திருப்புக்குத் தானே காசு கட்டுகிறார். நான்காவது, பார்க்காமல் விடுவதன் விளைவு. அதை மேலே பார்த்தாயிற்று. பார்வைக்கு அதிகத் தேவை இருக்கும் இடத்தில் அதற்குக் கூலி இல்லை. குறைந்த ஆபத்து உள்ள இடத்தில் அதற்குத் தாராளமாக வருமானம் இருக்கிறது.

மரத்தை வைத்தும் ஒப்பிடலாம். விருதுநகரில் கடைத்தெரு முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை பெஞ்சு இருக்கும். நிழலுக்கு ஒதுங்கியவர்கள் ஒரு டீயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போகிற வருகிறவர்களைப் பார்ப்பார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். பட்டாசு ஆலை வளாகத்திலும் வேப்பமரம் நிற்கிறது. அறைக்குள் தகரம் தகிக்கும்போது மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த நிழலுக்குப் போய் உட்காருவது விதிமீறல். உட்காருவது தப்பில்லை. மருந்தோடு போய் உட்காருவதுதான் தப்பு. வெறுங்கையோடு போய் உட்கார்ந்தால் கூலி இல்லை, தட்டோடு போய் உட்கார்ந்தால் குற்றம். நிழல் ஒன்றுதான் என்றாலும் அதில் ஒதுங்கும் உரிமை இரண்டு விதம்.

திண்ணையும் அப்படியே. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டிய காலம் நீண்டது; இயந்திரம் வந்த பிறகு குறைந்திருக்கிறது. தெருவில் போகிறவருக்கு அது ஓய்வாகத் தெரியும். காலை நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டு, பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கும் பெண். ஆனால், பசைக் கிண்ணத்துக்கும் தாளுக்கும் நடுவே அவள் கை ஓடிக்கொண்டிருக்கும். குரோஸ் கணக்கு, 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். தெருவைப் பார்க்கத்தான் நம் ஊரில் திண்ணை கட்டினார்கள். அதில் உட்கார்ந்திருந்தும் தெருவைப் பார்க்க முடியாதபடி அவளைச் செய்தது கூலிமுறை.

ஒப்பீடு குழம்பும் இடங்கள்

இப்படி வரிசைப்படுத்தினால் விருதுநகர் நிதானமான ஊர், சிவகாசி பதற்றமான ஊர் என்று ஆகிவிடும். அது சரியில்லை. கோடு இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடவில்லை. இரண்டு ஊருக்குள்ளும் ஓடுகிறது.

அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவர் இருக்கிறார். அவருக்கு மூட்டைக்கு இவ்வளவு. கொக்கியைக் குத்தித் தோளில் ஏற்றி, லாரியில் அடுக்கிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வருகிறார். முதலாளி பார்க்கும் தெருவில்தான் அவரும் நடமாடுகிறார், ஆனால் பார்க்க நேரமில்லை. வத்தல் கொண்டுவந்த கமுதி விவசாயியும் இருக்கிறார். அவர் கையில் உரக்கடன், நகைக்கடன். இன்றைக்கு விற்றாக வேண்டும். “பாப்போம்” என்று முதலாளி சொல்லிவிட்டு உட்கார்ந்ததும், அவர் வயிறு கலங்குகிறது. முதலாளிக்குக் குடோன் இருக்கிறது; விவசாயிக்குத் திரும்பிப் போகும் வண்டி வாடகைதான் இருக்கிறது. யார் அதிக நேரம் சும்மா இருக்க முடியுமோ அவர் பக்கம் விலை சாய்கிறது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது உண்மைதான். ஆனால், அதைத் திருப்பிப் போட்டாலும் உண்மையே: பூமியோ குடோனோ கையில் இருப்பவரால்தான் பொறுக்க முடிகிறது.

சிவகாசியிலும் பொறுமையானவர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை அச்சகத்தார் வெளியிடுகிறார்கள். ஏறத்தாழ ஐந்து மாதத்துக்கு முன்பே பூஜை போட்டு, ஆர்டர் பிடித்து, தாள் விலை இறங்கும் வரை காத்திருந்து அச்சடிப்பவர்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவரில் தினம் ஒரு தாளாகக் கிழிபடும் நாட்கள் இங்கேதான் அச்சாகின்றன. முன்கூட்டிப் பார்ப்பதில் விருதுநகர் வியாபாரிக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை. அதே அச்சகத்தில் தாள் அடுக்கிப் பைண்டிங் செய்யும் பெண்ணிடம் அடுத்த வாரத்தைப் பற்றிக் கேட்டால், வேலை வந்தால் வருவேன் என்பார்.

ஆக, பொறுமைக்கு ஊரில்லை, குணமும் பாதிக் காரணம்கூட இல்லை. தன் நேரம் தன் கையில் இருப்பவர் நிற்கலாம், பார்க்கலாம். நேரத்தைத் துண்டுதுண்டாக விற்றவர் நிற்க முடியாது.

வெளியிலிருந்து பார்த்தவர்கள்

உள்ளே இருப்பவர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத இடத்தைப் பார்க்க வெளியாட்கள் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் வேலை பார்ப்பதைப் பற்றி ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி 1983இல் எழுதினார். விடிவதற்கு முன்னால் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்களைப் பற்றி நாடே பேசத் தொடங்கியது. 1990இல் சலம் பென்னூர்கர் சிவகாசியைப் பற்றி ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கரிசல் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படத்தைத் தீப்பெட்டித் தொழிலை வைத்தே இயக்கினார். 1996 டிசம்பரில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சிவகாசியைக் காரணமாக வைத்தே ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை அமர்த்துவோருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எட்டயபுரத்தில் சோறு போட்டுப் பள்ளிக்கு அழைத்த திட்டத்துக்கு 40 ஆண்டு கழித்து, அங்கிருந்து அதிகத் தூரமில்லாத வட்டாரத்துக்கு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. இவர்கள் எல்லாம் செய்தது ஒன்றுதான். வந்தார்கள், பொறுமையாகப் பார்த்தார்கள். அதைச் செய்ய அவர்களிடம் நேரம் இருந்தது.

வேலை செய்பவரை நிமிரவிடாத பழக்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டி ஆலையிலும் இருந்தது. லண்டனின் கிழக்கே பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் பேசினால் அபராதம், இடம் குப்பையாக இருந்தால் அபராதம், அனுமதியில்லாமல் கழிப்பறைக்குப் போனால் அபராதம். 1888 ஜூனில் அன்னி பெசன்ட் அதை எழுதினார்; ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். பின்னாளில் அடையாறில் வாழ்ந்த அதே பெசன்ட்தான். அந்த வேலைநிறுத்தம் வென்றது, அபராதம் போயிற்று. நிமிர்ந்து பார்ப்பதைக் குற்றமாக்கும் முறையை ஆலைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுத்தும், உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்ததும் சேர்ந்து மாற்றின. எழுத்து மட்டும் போதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிறுத்தத்துக்கும் கூலி

மண்டியையும் மருந்து அறையையும் வைத்துப் பார்த்தபின் முடிவு ஒன்றுதான். உட்கார்ந்து பாருங்கள் என்று ஒருவருக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால், அந்த நேரத்துக்குக் காசு யார் தருகிறார் என்று கேட்க வேண்டும். மண்டிக்காரருக்கு அந்த அறிவுரை தேவையில்லை. அதுவே அவர் பிழைப்பு. நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர் அரை மணி நேரம் பூங்காவில் உட்கார்ந்தால் சம்பளத்தில் எதுவும் குறையாது. அவருக்கு அந்த அறிவுரை பயன்படும். மருந்து அறையில் இருப்பவரிடம் அதையே சொன்னால் அது கேலி.

அவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. சொல்ல வேண்டிய இடமும் வேறு. மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளிலாவது எண்ணிக்கைக் கூலியை எடுத்துவிட்டு நாள் கூலி தர வேண்டும். அப்போது ஒரு குழாய் குறைந்தாலும் யாருக்கும் பதற்றம் வராது. இடி இடித்து வெளியேறிய நேரத்துக்கு முழுக்கூலி உண்டு என்று ஆலையின் சுவரில் எழுதிப்போட வேண்டும்; எழுதியதைக் கொடுக்கவும் வேண்டும். மருந்து சூடாக இருக்கிறது என்று சொல்லி வேலையை நிறுத்தியவருக்குப் பிடித்தம் செய்யாமல், அவர் சொன்னது சரியா என்று போர்மேன் வந்து பார்க்க வேண்டும். இதனால் பட்டாசு விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும். தீபாவளி இரவில் இரண்டு மணி நேரம் வானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், நம் பார்வைக்கான கணக்கில் அந்த அறையில் இருப்பவரின் பார்வையையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போகலாம்.

விருதுநகர் வியாபாரி நூறு ஆண்டாகத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம், காத்திருப்பதும் முதல் போடுவதுதான் என்பது. சிவகாசியில் அதே பாடத்தைக் கூலிக்காரருக்கும் பொருந்தும்படி கணக்கு எழுதினால் போதும். தனியாகப் பொறுமையைப் போதிக்க வேண்டியிராது.